மீன் வளர்க்க வசதியுள்ள காரை நான் ஓட்டிய மழைக்காலம்

சாலைக் கடைத்தெருவில் நிற்கும் அரிசி மண்டி நான் கட்டியது. கரமனையில் உள்ள மாடி வீடு நான் கட்டியது. கழக்கூட்டத்தில் நெடுஞ்சாலையைப் பார்த்துக் கண்ணாடிச் சுவரோடு நிற்கிறதே கார் ஷோரூம், அதுவும் நான் கட்டியதுதான். அந்த இடம் சதுப்பாகக் கிடந்தபோது வாங்கினேன். தவளைக்கா கார் விற்கப் போகிறாய் என்று கேட்ட சொந்தக்காரர்கள் இன்றைக்கு அங்கேயே தள்ளுபடி கேட்டு வருகிறார்கள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து இன்னொருவர் மண்டியில் சாக்குத் தைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு சொந்த மண்டிக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனபோது, மேலாளர் ஆங்கிலத்தில் கேட்டதற்கெல்லாம் 'யெஸ்' என்று சொன்னேன். என்ன கேட்டார் என்று இன்றும் தெரியாது. கடன் கிடைத்தது. மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளர் சங்கம், தம்பானூரில் தேங்கி எங்கள் தெரு வரைக்கும் வரும் மழைவெள்ளம், என் சொந்த மச்சினன், மூன்றையும் சமாளித்தவன் நான்.

இவ்வளவும் ஊருக்குத் தெரியும். தெரியாத ஒன்றுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஒரு கார் கம்பெனி இந்த ஊர் ஜனங்களிடம் தொலைத்த நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவந்தது நான்.

கம்பெனியின் பெயர் வேண்டாம். நம் நாட்டுக் கம்பெனி, அது போதும். ஷோரூமை நடத்துவது என் மகன். பணம் நான் போட்டேன், டை அவன் கட்டினான். முதலில் வியாபாரம் நன்றாகத்தான் போனது. நம்ம நாட்டு வண்டி என்று பெருமையாக வாங்கிப்போய்க் கிழக்கேகோட்டைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்கள். பிறகு ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்தது. காருக்குள் தண்ணீர் வந்தது. கூரையிலிருந்து சொட்டினால்கூட மரியாதையாக இருந்திருக்கும். இது காலடியில் ஊறியது. கால்மிதி மிதந்தது.

கம்பெனி கொச்சியிலிருந்து ஒரு அதிகாரியை அனுப்பியது. அவர் நான்கைந்து கார்களைத் திறந்து பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். முன்கண்ணாடிக்குக் கீழே மழைத்தண்ணீர் இறங்கும் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் ஓட்டையில் இலையும் பூவும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே வரும்.

"டிசைன்ல ஒரு ப்ரச்னமும் இல்ல கேட்டோ," என்றார் என்னிடம். "கஸ்டமர் மரத்தடியில பார்க் செய்யறதாணு ப்ரச்னம்."

"மழைக்கும் வெயிலுக்கும் மரத்தடியில விடாம வேற எங்க விடுவான் சார்?"

"அது கம்பெனியோட விஷயம் அல்லல்லோ."

அவர் சொன்னதில் பொய் கிடையாது. அந்த உண்மையை அச்சடித்து எல்லா வாடிக்கையாளருக்கும் அனுப்பினார்கள். அதோடு ஷோரூமை ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் மரம் இல்லாத தெருவைத் தேடிப் போக வேண்டும். காரை விற்றுவிட்டு இப்போது மரத்தை வெட்டச் சொல்கிறார்கள் என்று ஆட்டோக்காரன் வரைக்கும் பேசினான்.

ஓணத்துக்குள் விற்பனை ஏறாவிட்டால் ஷோரூமை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. என் மகன் பலூன் கட்டினான். வானொலியில் விளம்பரம் கொடுத்தான். வந்து பார்ப்பவர்களுக்கெல்லாம் குடை இலவசம் என்று அறிவித்தான். காருக்குள் மழை பெய்கிறது என்று ஊரே பேசும்போது குடை கொடுத்த ஒரே கார் வியாபாரி உலகத்தில் அவனாகத்தான் இருப்பான்.

இதற்கு நடுவில் ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருக்காரர், கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மகளைத் தினமும் காலையில் ஐ.டி. பார்க்கில் விட்டுவிட்டு, எங்கள் ஷோரூமுக்கு நேர் எதிரே காரை நிறுத்தி, சாயங்காலம் வரைக்கும் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அதே காரை எங்களிடம்தான் வாங்கியிருந்தார். பின்கண்ணாடியில் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்: 'உள்ளே மீன் வளர்க்க வசதி உண்டு.' மீனைக் கண்ணால் பார்த்தாலே குளிக்கிற குடும்பம் அது. அவரே இப்படி எழுதினார் என்றால் கோபம் எவ்வளவு இருக்கும்.

மகன் போலீசில் சொல்லலாம் என்றான். நான் ரோட்டைக் கடந்து போனேன்.

"வாங்கோ அண்ணாச்சி, ஏறி உக்காருங்கோ," என்றார். "செருப்பைக் கழட்டிண்டு ஏறுங்கோ. உள்ளே குளமாக்கும்."

ஏறினேன். குளம்தான்.

"மரத்தடியிலே நிறுத்தினது என் தப்புன்னு கடுதாசு வந்திருக்கு. வாங்கறச்சே மரம் ஆகாதுன்னு யார் சொன்னா? லட்டு கொடுத்தேள், சாவிக்கொத்து கொடுத்தேள், சேர்ந்து நின்னு போட்டோ எடுத்துண்டேள். மரத்தைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது."

"தப்பு எங்க மேலதான் சாமி."

அவர் பேப்பரை மடித்தார். "என்ன சொன்னேள்?"

"தப்பு எங்க மேலதான்னு சொன்னேன்."

"கம்பெனியிலே இதை ஒருத்தரும் சொல்லலியே."

"அவுகளுக்குப் படிப்பு ஜாஸ்தி சாமி."

அவர் முகத்தில் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. "சரி, தப்பு உங்க மேல. அதுக்கு என்ன பண்ணப்போறேள்?"

என் மண்டியில் ஒரு நடைமுறை உண்டு. வண்டு விழுந்த அரிசி என்று ஒருவர் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தால், யார் வீட்டில் வண்டு விழுந்தது என்று கேட்கக் கூடாது. வேறு மூட்டை கொடுக்க வேண்டும். திரும்பி வந்ததை இன்னொருவருக்கு விற்கவும் கூடாது, குப்பையில் கொட்டவும் கூடாது. முதலாளி வீட்டு அடுக்களைக்குப் போக வேண்டும். புடைத்துப் பொறுக்கி வடித்து முதலாளியே சாப்பிட வேண்டும். திருப்பிக் கொடுத்தவர் சாப்பாட்டு நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் பார்க்கலாம். எங்கள் வீட்டில் அப்படி நிறையத் தின்றிருக்கிறோம். என் மனைவிக்கு இந்த நடைமுறையில் இன்றுவரை உடன்பாடு கிடையாது.

இதை அவரிடம் சொன்னேன்.

"அப்போ இந்தக் காரை நீங்க சாப்பிடுவேளா?"

"ஓட்டுவேன். மழை முடியிற வரைக்கும் என் காரை நீங்க வச்சுக்கிடுங்க. அதே கம்பெனி, அதே மாடல். ஒரு சொட்டு நனைஞ்சது கிடையாது."

பேப்பரால் பின்கண்ணாடியைச் சுட்டிக்காட்டினார். "நோட்டீஸைக் கிழிக்கப்படாது."

"கிழிக்க மாட்டேன்."

சாவியை மாற்றிக்கொண்டோம். மகன் தலையில் கை வைத்துவிட்டான். "அப்பா, ப்ளீஸ், இது அரிசி இல்ல. கம்பெனி கண்டா நம்மள இன்னைக்கே மாத்திருவாங்க."

"ஓணத்துக்கு மாத்துறவன் இன்னைக்கு மாத்திட்டுப் போறான். நீ போய் பலூன் ஊதுலே."

எங்கள் சர்வீஸ் ஆட்களிடம் அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்து ஒரு கம்பிவலை போடச் சொன்னேன். போட்டார்கள். மறுநாள் காரைச் சாலைக் கடைத்தெருவுக்கு ஓட்டிப் போய், என் மண்டிக்கு எதிரே இருக்கும் வாதாம் மரத்தடியில் நிறுத்தினேன். வேண்டுமென்றே அங்கே. தெருவில் அதைப் போல இலை உதிர்க்கிற மரம் வேறு கிடையாது. காலடியில் பப்படக் கட்டுகளைப் பிரித்துப் பரப்பினேன். ஈரம் பட்டதா இல்லையா என்று பப்படம் சொல்வதைப் போல எந்த மீட்டரும் சொல்லாது. காய்ந்திருந்தால் ஒடியும், ஈரம் ஏறினால் துணி மாதிரி மடங்கும்.

மத்தியானம் மழை கொட்டியது. விட்டதும் நான் கதவைத் திறந்தேன். தெருவே வந்து நின்றது. பப்படம் மடங்கியது.

"அண்ணாச்சி, பப்படம் எந்தாயி?" என்று சுமட்டுக்காரர்களில் ஒருவன் கேட்டான். கேட்டவனே ஒன்றை எடுத்துத் தோர்த்துத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு காட்டினான். நானும் சிரித்தேன். வேறு வழி கிடையாது.

போட்ட வலை கொசுவலை மாதிரிப் பொடிசு. அதிலேயே பூந்தூள் அடைத்துவிட்டது. காரை மறுபடி கொண்டுபோய், கண் பெரிய வலை போடவைத்து, ஓட்டையையும் அகலப்படுத்தச் சொன்னேன். திரும்ப அதே மரத்தடி, அதே பப்படம். மழை பெய்தது. இந்தத் தடவை ஒடிந்தது. அடுத்த மழையிலும் ஒடிந்தது. மழை விட்டதும் பப்படம் ஒடிக்க வருவது கடைத்தெருவில் ஒரு பழக்கமாகிவிட்டது. ஜவுளிக்கடைக்காரர், பலசரக்குக்காரர், பூஜை சாமான் கடைக்காரரின் மருமகன், எல்லோரும் வந்தார்கள். முதல் நாள் மடங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் பிறகு ஒடிந்ததை நம்பினார்கள். முதல் நாளே ஒடிந்திருந்தால் வித்தை காட்டுகிறான் என்று போயிருப்பார்கள். இது நான் திட்டமிட்டுச் செய்தது இல்லை. ஆனாலும் செய்தது நான்தான்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் அக்ரஹாரத்துப் பெரியவர் என் காரை ஓட்டிக்கொண்டு மண்டிக்கு வந்தார். இறங்கியவர் வேட்டியை முழங்கால் வரைக்கும் மடித்துக் கட்டியிருந்தார்.

"அண்ணாச்சி, உங்க கார்லேயும் மீன் வளர்க்கலாம்."

"அது நனையாத வண்டியாச்சே சாமி."

"நீங்க ஷெட்டிலே விட்டேள், நனையலை. நான் மாமரத்தடியிலே விட்டேன். மாமரத்துக்கு இது அண்ணாச்சி கார்னு தெரியுமா?" சாவியை என் மேசையில் வைத்தார். "என் காரைத் திருப்பிக் கொடுங்கோ. இந்த ஊரிலே நனையாத கார் அது ஒண்ணுதான்."

பத்துப் பேர் முன்னால் இதைச் சொன்னார். வெளியே போய், தானே நகத்தால் சுரண்டி அந்த நோட்டீஸை எடுத்தார். அரைமணி நேரம் ஆயிற்று. அவர் போட்ட பசையின் உறுதிக்கு முன்னால் கம்பெனி கார் தோற்றுப்போகும்.

அன்றைக்கே மகனைக் கூப்பிட்டேன். "நாம வித்த வண்டி அம்புட்டையும் வரச்சொல்லு. குறை சொன்னவன், சொல்லாதவன், எல்லாரையும். வலை போட்டு அனுப்பு."

"குறை சொல்லாதவங்கள எதுக்குப்பா? கம்பெனி சம்மதிக்காது."

"அவன் ஷெட்டுல விட்டிருப்பான். நாளைக்கு மரத்தடிக்கு வருவான்."

மகன் கம்பெனியைக் கேட்காமல் கூப்பிட்டான். என் வாழ்க்கையில் அவன் என் பேச்சை மேற்கொண்டு வாதாடாமல் கேட்டது அந்த ஒரு தடவை. வந்தவர்களிடம் முதலில் தப்பு எங்களுடையது என்று சொல்லச் சொன்னேன். ஷோரூம் பையன்களுக்கு அது வாயில் வரவில்லை. தனியாகப் பழக்க வேண்டியிருந்தது. ஓணத்துக்கு முன்னால் ஷோரூமில் கூட்டம் வந்தது. அதில் பாதி சாலைக் கடைத்தெருக்காரர்கள், மீதி அவர்களிடம் கேட்டு வந்தவர்கள். ஷோரூம் எங்களிடமே தங்கியது.

பிறகு கழக்கூட்டத்தில் ஒரு ஓட்டலில் கம்பெனி கூட்டம் வைத்தது. கொச்சி அதிகாரி திரையில் படம் போட்டுக் காட்டினார். 'ரெயின் ப்ராமிஸ்' என்று ஒரு திட்டமாம். விற்ற கார்களையெல்லாம் வரவழைத்து இலவசமாக வலை போடுவது. வாடிக்கையாளர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் எங்கள் பண்பாட்டிலிருந்து பிறந்தது என்றார். இனி இந்தியா முழுவதும் செய்யப் போகிறார்களாம். என் மகனுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். எனக்குக் கடைசி வரிசையில் நாற்காலியும் பழம்பொரியும் கிடைத்தன. நான் எழுந்து, பப்படத்தைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

அதிகாரி மைக்கில் சிரித்தார். "அண்ணாச்சியோட அனுக்ரகம் எப்பவும் நம்மளோட உண்டு."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் அனுக்கிரகம் செய்யவில்லை. கார் ஓட்டினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மகன், "விடுங்கப்பா, நம்ம ஷோரூம் தப்பிச்சது அல்லே," என்றான். தப்பித்தது சரிதான். ஆனால் கம்பெனி நம்பிக்கையை மீட்டுவிட்டதா என்று என்னிடம் கேட்டால், இல்லை என்பேன். புது மாடல் ஒன்று இப்போது வந்திருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் மைலேஜ் கேட்பதற்கு முன்னால், அண்ணாச்சி மரத்தடியில் விட்டுப் பார்த்தாச்சா என்றுதான் கேட்கிறார்கள். கம்பெனி மேல் நம்பிக்கை இருந்தால் எதற்கு என்னைக் கேட்கிறார்கள்.

ஆகையால் கம்பெனிக்காரர்கள் ஒன்று செய்ய வேண்டும். அந்தத் திட்டத்தை ஒரு தகடாக்கி எங்கள் ஷோரூம் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். அதில் அதிகாரிகளின் பெயர் வரிசையாக இருக்கிறது. அதற்கு மேலே, கீழே அல்ல, இதை முதலில் செய்தது சாலைக் கடைத்தெரு அரிசி வியாபாரி என்று என் பெயரையும் போட்டு எழுத வேண்டும். மலையாளத்திலும் தமிழிலும் எழுத வேண்டும். வாசலில் நின்று பார்த்தாலே படிக்கிற அளவு எழுத்து வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுவது அவர்கள் இஷ்டம்.