குண்டடம் டேங்க்கும் ஜெர்மன் டாங்கியும்

அன்புள்ள சாரதா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். குட்டி இப்போதுதான் கண்ணயர்ந்தாள். வேலம்பாளையத்தில் பக்கத்து பனியன் கம்பெனி மிஷினும் நானும் மட்டும் விழித்திருக்கிறோம். அடுத்த திங்கட்கிழமை பூகோள ஆசிரியை வேலைக்கு அமராவதி நகர் போகலாமா வேண்டாமா என்று நீ இழுத்துக்கொண்டிருக்கிறாயே, அதற்காகத்தான். அதே பள்ளியில் சரித்திர ஆசிரியை வேலைக்கான நேர்காணலுக்கு நான் நேற்றுப் போய் வந்தேன்.

முதல் எச்சரிக்கை: பல்லடம் போய், அங்கே உடுமலை பஸ் பிடி. நானும் இவரும் குட்டியோடு அங்கே காலை ஆறு மணி இருட்டில் தாராபுரம் பஸ்ஸில் ஏறிவிட்டோம். பல்லடம் தாண்டித்தான் தெரிந்தது. "ஊர் சுத்திப் பாத்தாப்ல ஆச்சு" என்று இவர் சிரித்தார். எனக்கோ பதினொரு மணிக்கு மாதிரிப் பாடம் நடத்த வேண்டும்.

அமராவதி நகரில் இருப்பது பட்டாளக் கனவோடு பையன்கள் படிக்கும் விடுதிப் பள்ளி. அதனால் உலகப் போரில் ஜெர்மானியர் ஓட்டிய டாங்கி அழிப்பு வண்டிகளைப் பாடமாக எடுத்திருந்தேன். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு இவரிடம் ஒப்பித்தேன். "டேங்க்கை உடைக்கறதுக்குன்னே தனி வண்டி. ஒளிஞ்சு நின்னு ஒரே அடி, டேங்க் காலி."

வழியில் குண்டடத்தில் இறங்க வேண்டிய ஓர் அம்மா, முன் சீட்டில் கோழிக்கூடையோடு இருந்தவர், வெடுக்கென்று திரும்பினார்.

"ஏனுங்க அம்முணி, எங்கூரு தண்ணி டேங்க்கையா? போன மாசந்தானுங்க கட்டுனாங்க!"

"கை வெச்சுப் பாக்கட்டும்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"கவருமெண்டு ஆளுங்களா?" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, ஜெர்மனி ஆளு" என்றார் இவர், முகம் மாறாமல்.

இது தண்ணீர் டேங்க் இல்லை, சண்டை டாங்கி என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்கினேன். டாங்கியின் தலை நாலு பக்கமும் சுற்றும். இந்த வண்டிக்குத் தலையே கிடையாது, பீரங்கி முன்னால்தான் பார்க்கும். ஆனால் உயரம் குறைவு, செய்வதற்குச் செலவும் குறைவு, முன்புறம் கனத்த இரும்பு. பதுங்கி நின்றால் எதிரியின் கண்ணில் படுமுன் சுட்டுவிடும்.

"பக்கவாட்டுல ஆளு வந்தா?" என்றார் கோழிக்கார அம்மா.

"வண்டியவே திருப்போணுங்க."

"கழுத்துச் சுளுக்குக்காரனாட்டமா!"

பஸ்ஸே சிரித்தது. எனக்கும் பாதி பயம் போய்விட்டது.

தாராபுரத்தில் உடுமலை பஸ் மாறி, எப்படியோ நேரத்துக்குப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தோம். வகுப்பில் அந்தச் சுளுக்கிலிருந்தே தொடங்கினேன். ஒரு பெரிய வகையை இயந்திரத் துப்பாக்கிகூட வைக்காமல் போருக்கு அனுப்பியதையும், கனம் தாங்காமல் பழுதாகிப் பல வண்டிகள் வழியிலேயே கைவிடப்பட்டதையும் சொன்னேன்.

"அப்படின்னா அது உதவாத வண்டிங்களா, டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"பக்கத்தைப் பாத்துக்கக் காலாட்படை நின்ன எடத்துல அதை நெருங்கவே முடியலை. தனியா விட்ட எடத்துல மாட்டிக்கிச்சு" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, வராந்தாவில் இவரிடம் இருந்த குட்டி வீறிட்டாள். ஓடிப்போய் இடுப்பில் தூக்கி வந்து மீதிப் பாடத்தை முடித்தேன். பையன்களுக்கு ஒரே குஷி. தலைமையாசிரியரும் சிரித்துவிட்டார்.

வேலை எனக்குத்தான், சாரதா! ஜூனில் சேர வேண்டும். இரண்டு அறை வீடும் உண்டு. ஆனால் இவர் பனியன் துணி வெட்டும் கட்டிங் மேஜை வேலம்பாளையத்தில் இருக்கிறது, ஞாயிறன்றுதான் வர முடியும். நான் வகுப்பில் இருக்கும்போது குட்டியை யார் பார்ப்பது? இரண்டு ஆசிரியைகள் இருந்தால், ஒருத்தி பாடம் நடத்தும்போது மற்றவள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும்படி வகுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டுத் தருவதாகத் தலைமையாசிரியர் சொல்கிறார். பூகோளத்துக்கு உன்னைத் தவிர யாரும் மனுப் போடவில்லையாம். வெள்ளிக்கிழமைக்குள் நான் சம்மதம் சொல்ல வேண்டும்.

உடுமலையிலிருந்து, பள்ளி இருக்கும் அமராவதி அணைக்கட்டு பதினைந்து மைல் சொச்சம். பஸ் அடிக்கடி கிடையாது, நிலையத்திலேயே இட்லி சாப்பிட்டுவிடு. உன் பையனுக்குக் காய்ச்சிய தண்ணீர் எடுத்துக்கொள். பஸ்ஸில் டேங்க் என்று மட்டும் வாய் திறக்காதே.

முன்னால் பார்த்துக்கொண்டு நான் பாடம் நடத்திவிடுவேன். பக்கத்தைப் பார்க்க நீ வேண்டும். வருகிறாயா, இல்லையா? இது கிடைத்ததும் பதில் போடு.