குஞ்சம்மாள் அறுத்த சடை

அடுத்த தெரு ராஜாம்பாள் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தபோது குஞ்சம்மாளுக்கு அவளுடைய பழைய பேச்சுதான் நினைவுக்கு வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்பு ஒரு வளைகாப்புப் பந்தலில், "மலடிய முன்னால நிக்க வெக்காதீங்க, பின்னால போவச் சொல்லுங்க" என்றது இதே வாய்தான். இப்போது "தாயே" என்கிறது. நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் புரளும்தான், அதற்காக இப்படியா?

குஞ்சம்மாள் கச்சிராயபாளையத்துக்கு அப்பால் மலையடிவாரத்து ஊர்க்காரி. சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. மரவள்ளி பிடுங்க, கரும்பு வெட்ட, களையெடுக்க என்று கூப்பிட்ட காட்டுக்குப் போவாள். ஏழு வருஷமாகப் பிள்ளையில்லை என்று புருஷன் காசிநாதன் ரிஷிவந்தியம் பக்கம் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அன்றோடு அவளுடைய பெயரும் போய்விட்டது. மலடி வீடு எது என்றால் சின்னப் பிள்ளைகூட கை காட்டும். கொஞ்ச நாளில் அவளும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள், அதுதான் கொடுமை.

எழுபத்திரண்டாம் வருஷத்துக் கோடையில் அவளுக்கு அம்மை போட்டது. அம்மை கண்ட வீட்டில் எண்ணெய் கூடாது, சீப்பு கூடாது, தாளிக்கக் கூடாது. இறங்கியதும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டு மூன்று தடவை தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்ற யாராவது வரவேண்டுமே. ஒருத்தியும் வரவில்லை. யாரோ ஒரு புண்ணியவதி கஞ்சிச் சட்டியைப் படலுக்கு வெளியே வைத்துவிட்டு ஓடுவாள், அவ்வளவுதான். மற்றவர்கள் அந்த வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நாற்பது நாள் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தாள். நாற்பது நாளும் மாரியாத்தாளோடு பேசிக்கொண்டே கிடந்தாள். எரியுதுடி என்பாள், ஏண்டி என்ன இப்பிடிப் படைச்ச என்று ஏசுவாள். ஆத்தாள் ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்பதில் குஞ்சம்மாளுக்குச் சந்தேகமே வரவில்லை. கொப்புளத்தோடு கிடந்தவள் பிறந்ததிலிருந்து அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்.

எழுந்து வெளியே வந்தபோது தலைமயிர் ஒரே சிக்காகத் திரண்டு முதுகில் தொங்கியது. சிக்கெடுக்க உட்கார்ந்தவளை ராஜாம்பாள்தான் முதலில் பார்த்தாள். வேலியோரம் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா சடை வுட்டுக்கினு வந்துட்டா. சீப்ப கீழ வைம்மா, ஊருக்கு ஆவாது."

பொழுது சாய்வதற்குள் ஊரே வந்துவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற வராத கைகள் அத்தனையும் கும்பிட்டு நின்றன. சிக்குக்கும் சடைக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மங்கள். தாங்கள் வராததால் விழுந்த சிக்கு அது என்று ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

குஞ்சம்மாளுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. சீ, அதை நினைத்தால் அவளுக்கு ஊர்மேல் இருப்பதைவிடத் தன்மேல்தான் அருவருப்பு ஜாஸ்தி. வளைகாப்புக்கு முதல் வளையல் போட அவளைக் கூப்பிட்டார்கள். கரியாலூரிலிருந்து மலைக்காரர்கள் சாமையும் தேனும் கொண்டுவந்து வைத்தார்கள். தேனைவிட அவர்கள் குனிந்த முதுகு அவளுக்கு இனித்தது. மூன்று வருஷம் வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் சேலை கட்டி விபூதி கொடுத்தாள். சடையில் பேன் மண்டியது. வேர்வை ஊறிய நாற்றம் குடலைப் பிடுங்கியது. பூவைச் சுற்றி மறைத்துக்கொண்டாள். கோயிலுக்குப் போனால் ஜனங்கள் ஆத்தாளை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்கள். அவளும் யார் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அவளால் மனசார ஆத்தாளைக் கூப்பிட முடியவில்லை.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை, விபூதிக்கு வாசல் நிறையக் கூட்டம். ராஜாம்பாள் வந்த காரியம் மட்டும் வேறு. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, பின்னால் நின்ற மருமகள் அம்சவள்ளியை முன்னால் இழுத்துவிட்டாள்.

"நாலு வருசமாச்சிங்க தாயி. வவுத்துல ஒரு புழு பூச்சி இல்ல. எம் மவன் சின்னராசுக்கு சங்கராபுரத்துல வேற பொண்ணு பாத்து வெச்சிக்கினு இருக்கோம். உங்க வாயால ஆத்தா வாக்கு ஒண்ணு வந்துட்டா, இவள அவங்கப்பன் வூட்டுக்கு அனுப்பிச்சிடுவோம்."

"இன்னா வாக்கு?"

ராஜாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். "இவ மலடின்னு. நாங்க சொன்னா பஞ்சாயத்து கிஞ்சாயத்துன்னு வருவானுங்க. ஆத்தா சொல்லிட்டா எவன் கேக்கப் போறான்?"

அம்சவள்ளி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். தனக்கு என்ன பெயர் வரப்போகிறது என்று குஞ்சம்மாளின் வாயையே பார்த்தாள்.

சொன்னால் இந்தப் பெண்ணின் வாழ்க்கை போகும், மஞ்சள் சேலைக்கு மவுசு கூடும். சும்மா இருந்தாலும் தப்பிக்க வழியில்லை. ஆத்தாள் மறுக்கவில்லை என்று அதையே வாக்காக்கிக்கொள்வார்கள் இந்தப் பாவிகள்.

குஞ்சம்மாள் எழுந்து வீட்டுக்குள் போனாள். சாமி வரப்போகிறது என்று வெளியே ஒருவன் உடுக்கையைத் தட்டினான். கூரையில் செருகியிருந்த கதிரறுக்கும் அரிவாளை எடுத்துவந்து, எல்லார் கண்ணெதிரிலும் சடையை இடது கையில் சுற்றிப் பிடித்து அறுத்தாள். வைக்கோல் பிரி மாதிரி முரடாக இருந்தது. ஏழெட்டு இழுப்பில் கையோடு வந்துவிட்டது. அதை அவர்கள் முன்னால் எறிந்தாள். முன்வரிசைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள்.

"நாறுதா? மூணு வருசமா இதத்தான் கும்புட்டுக்கினு இருந்தீங்க. அம்மையில கெடந்தப்ப தலைக்குத் தண்ணி ஊத்த ஒருத்தியும் வரல, அதால வுழுந்த சிக்கு இது. ஆத்தா எங்கிட்ட ஒரு நாளும் பேசனது இல்ல. நாந்தான் அவகிட்ட பேசுவேன். தெரிஞ்சிக்கினே உங்கள ஏமாத்துனேன், அதுக்கு என்னச் செருப்பால அடிங்க. இந்தப் பொண்ணுக்குப் பேரு வெக்க எனக்கும் வாயில்ல, உங்களுக்கும் இல்ல."

செருப்பால் அடிக்கவில்லை. காறித் துப்பினார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள். வேஷக்காரி, கண்ணு அவிஞ்சி போவும் என்றார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? மிச்ச மயிரை மழிக்க முடிவெட்டும் வீரமுத்து பயந்துகொண்டு வரமறுத்தான். அவளே ஒட்டக் கத்தரித்துக்கொண்டாள்.

சங்கராபுரத்துக்காரர்கள் சேதி கேட்டு, ஆத்தாளுக்கு என்ன கோபமோ என்று நடுங்கிப் பெண் தர மறுத்துவிட்டார்கள். நியாயம் தெரிந்து செய்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்சவள்ளி புருஷன் வீட்டிலேயே இருந்தாள். ராஜாம்பாள் மாமியாராக இருக்கிற வீட்டில் சுகமாக இருந்தாளா என்று கேட்கக் கூடாது.

குஞ்சம்மாள் மறுபடி மரவள்ளி பிடுங்கப் போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை ஒட்ட வெட்டிய தலையோடு கோயிலுக்குள் நுழைந்தாள். ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகினார்கள். ஆத்தாளுக்கு நேர் எதிரே இடம் தாராளமாகக் கிடைத்தது. வெகு நேரம் நின்றாள்.

வெளியே வந்தவளை ராஜாம்பாள் வழிமறித்தாள்.

"ஊரே கையெடுத்துக் கும்புட்டுச்சேடி. அத்தனையும் வுட்டுட்டு இன்னாத்தக் கண்ட?"

குஞ்சம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உள்ள நின்ன நேரம் முச்சூடும் உங்க யாரு மூஞ்சியும் எனக்கு நெனப்புக்கு வரல" என்றாள்.