அப்பா கழற்றாத சாக்ஸ்

சாய்ந்துபோன என் கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே டாக்டர் பஞ்சை வைத்தார். ஓசூர் கம்பெனியில் நாள் முழுக்க ஷூவோடு நிற்கிறவள் நான்.

"முன்பக்கம் அகலமான ஷூவா போடுங்க. வீட்டுல யாருக்காவது இப்படி இருந்துச்சா?"

அப்பா கம்பெனியிலிருந்து வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து சேஃப்டி ஷூவைக் கழற்றுவார். வியர்வையும் மெஷின் ஆயிலும் கலந்த வாடை அடுப்படிவரை வரும். அவருடைய பெருவிரல்கள் சாய்ந்துபோய் அடுத்த விரலுக்கு அடியில் கிடக்கும். எனக்கு எட்டு வயதில் ஒருநாள், "ரொம்ப நோவுது கண்ணு, என்னன்னு பாரேன்" என்று காலை நீட்டினார். பக்கத்தில் என் தோழிகள் இருந்தார்கள்.

"ஐயே, கோழிக்கால்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

மறுநாளிலிருந்து வீட்டிலும் சாக்ஸ் போட்டுக்கொண்டார். தூங்கும்போதுகூடக் கழற்றவில்லை. அவர் இறந்த அன்று, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டுவதற்காகச் சித்தப்பாதான் கழற்றினார். விலகிப்போயிருந்த விரல்கள் ஒன்றுசேரவில்லை. கயிறு நழுவிக்கொண்டே இருந்தது. கட்டி முடிக்கும்வரை நான் பிடித்துக்கொண்டேன்.

"எங்கப்பாவுக்கு இருந்துச்சு மேடம்."

"அவரு யாருகிட்டயும் காட்டலையா?"

"எங்கிட்ட காட்டுனாரு."