டிஸ்சார்ஜ் என்ற சொல்

குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் என் கணவரோடு பதினேழு நாள் இருந்தேன். சர்க்கரை நோயால் அவருடைய வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். புண் ஆறுகிற வழியாக இல்லை. காலையில் கட்டுப் பிரிக்க வரும் நர்ஸிடம் தினமும், "எப்போ சிஸ்டர் டிஸ்சார்ஜ்?" என்று கேட்பேன்.

"டிஸ்சார்ஜ் நின்னாதான்மா டிஸ்சார்ஜ்," என்றார் ஒருநாள்.

முதலாவது, புண்ணிலிருந்து கசியும் நீர். இரண்டாவது, வீட்டுக்குப் போவது. சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

இருபத்தாறு வருடமாகப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். இந்தச் சொல்லைப் பற்றி யோசித்ததே இல்லை. அன்று மதியம் என் கணவர் தூங்கும்போது போனில் அகராதியைத் திறந்தேன். பழைய பிரெஞ்சு வழியாக வந்த சொல்லாம். அதன் லத்தீன் வேருக்கு வண்டி என்று பொருள். வண்டியிலிருந்து சுமையை இறக்குவதுதான் ஆதி அர்த்தம். பிறகு கப்பலிலிருந்து சரக்கு இறங்குவதற்கும், துப்பாக்கி வெடிப்பதற்கும், சிப்பாயைப் பட்டாளத்திலிருந்து விடுவிப்பதற்கும் ஆகிவந்திருக்கிறது. கடமையைச் செய்து முடிப்பதற்கும் அதே சொல்தான்.

அவர் விழித்ததும் சொன்னேன்.

"அப்போ வண்டி யாரு?" என்றார்.

"நான்தான்."

விளையாட்டாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் அப்படி வரவில்லை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்படியே, "ரொம்பப் படுத்தறேன் இல்ல?" என்று கேட்டார். நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

மூன்று நாளில் கசிவு நின்றது, அனுப்பிவிட்டார்கள். கீழ்க்கட்டளையில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஆட்டோக்காரர் படிக்கட்டை அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாக்கா, இம்மாம் படி கீது! ஒரு சேர் எட்தாங்க."

ஆட்டோக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். நான் பின்னால் எக்ஸ்ரே கவர், ஃபிளாஸ்க், தலையணையோடு ஏறினேன். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, "சாரிப்பா, சாரிப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"அட, சும்மா குந்து சார்," என்றார் ஆட்டோக்காரர்.

அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, வந்தவர்களை அனுப்பிவிட்டு, சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்தேன். உள்ளே இருந்து தண்ணீர் கேட்டார். "ஒரு நிமிஷம் இருங்க," என்றேன். பத்து நிமிடம் கழித்துத்தான் எழுந்தேன். அதுவரை அவர் மறுபடி கூப்பிடவில்லை.