கிளட்ச் இல்லாத வண்டி

எங்கள் வண்டிக்குக் கிளட்ச் கிடையாது. தாம்பரத்தில் அந்தக் காலத்தில் இதைச் சொன்னால், டீச்சர் கதை விடுகிறாள் என்பதுபோலப் பார்ப்பார்கள். கிளட்ச் இல்லாமல் கியர் எப்படி மாறும் என்று கேட்பார்கள். தானாக மாறும் என்பேன். தானாக என்றால் எப்படி என்று கேட்டால் எனக்கும் தெரியாது. அதனால் எரிந்து விழுவேன்.

அது ஒரு பழைய அமெரிக்க பிக்கப் லாரி. முன்னால் மூன்று பேர் உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி, ஸ்டியரிங் இடப்பக்கம். என் கணவர் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் டிரைவராக இருந்தார். ஒருநாள் ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரத்தில் உட்கார்ந்து பஞ்சரான சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த லாரி ஒன்று அவருடைய இடது காலை நசுக்கிவிட்டது. முழங்காலுக்கு மேலேயே எடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்த ஆஸ்பத்திரியின் அமெரிக்க டாக்டர் சொந்த ஊருக்குத் திரும்பும்போது, தன் பிக்கப்பை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இதை ஓட்ட ஒரு கால் போதும் என்று தமிழிலேயே சொன்னாராம்.

போதும்தான். கீழே இருக்கும்போது இரண்டு கட்டைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கிற மனிதர், ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டால் ஊரில் உள்ள எந்த டிரைவருக்கும் இளைத்தவரில்லை. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டுமென்றால்கூட உதவி கேட்கிற மாதிரி தயங்கித் தயங்கிக் கேட்பார். வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டால் கதவை ஏன் இப்படி அறைகிறாய் என்று என்னை அதட்டுவார். அந்த அதட்டல் எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது.

காலையில் கடற்கரைப் பக்கம் போய், மீன்காரப் பெண்களைக் கூடைகளோடு ஏற்றிக்கொண்டு பள்ளிக்கரணை வழியாகத் தாம்பரம் மார்க்கெட்டில் இறக்குவார். பஸ்ஸில் அவர்களுடைய கூடைகளை ஏற்ற விடமாட்டார்கள். அதனால் அவர்களுக்கும் எங்கள் வண்டியை விட்டால் வேறு கதியில்லை. அவர்களில் மூத்தவள், குரலிலேயே மார்க்கெட்டை ஆட்டிவைப்பவள், என் கணவரை நைனா என்பாள். எங்கள் வீட்டு வாசலில் மீன் வாசம் அடிக்காத நாளே இல்லை.

ஒரு வருஷம் கோடையில் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. இன்ஜின் அலறும், சக்கரம் நகராது. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு குலுக்கலோடு கிளம்பும். பிறகு அந்தக் குலுக்கலும் நின்றது. பள்ளிக்கரணையில் இரண்டு பக்கமும் சதுப்பும் கோரையுமாக இருக்கிற ரோட்டின் நடுவில் நின்றுவிட்டது. எண்ணெய் கருகிய நாற்றத்தில் மீன் நாற்றமே தெரியவில்லையாம். ஒரு லாரியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து, இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருந்த லாரி ஷெட்டில் விட்டார்கள்.

அந்த ஷெட்டின் மெக்கானிக்குக் கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். தனக்குத் தெரியாத வண்டி இன்னும் பிறக்கவில்லை என்று அடிக்கடி சொல்வார். எங்கள் வண்டிக்கு அடியில் படுத்து எட்டிப் பார்த்தவர், வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"அண்ணா, இந்தப் பேஜாரே வாணாம். இத்தக் கய்ட்டிக் கடாசிட்டு நம்ம லாரி கியர்பாக்ஸ் ஒண்ணு ஏத்திடலாம். கல்லு மாரி ஓடும்."

என் கணவர் தன் கட்டையின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குத்தான் சுர்ரென்று ஏறியது.

"அப்போ கிளட்சை யாருங்க மிதிக்கிறது? நான் பக்கத்துல உக்காந்து மிதிக்கட்டுமா?"

மெக்கானிக் ஒரு நிமிஷம் யோசித்தார். "மெய்யாலுமே மிதிப்பியா டீச்சரம்மா?" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம். ஆனால் சொல்லி வாய்மூடுவதற்குள் அவருக்கே விஷயம் உறைத்துவிட்டது. என் கணவரின் மடித்துக் கட்டிய வேட்டியை ஒருமுறை பார்த்தார். "சரி, தொறந்து பாப்போம். மன்சன் பண்ணதுதான" என்று மறுபடியும் அடியில் புகுந்துகொண்டார்.

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. நான் தினமும் ஷெட்டுக்குப் போனேன். போகாமலிருக்க முடியவில்லை. கியர் பெட்டியை இறக்கிப் பிரித்து, அடியில் இருந்த ஒரு மூடியைக் கழற்றியபோது மெக்கானிக் பேச்சை நிறுத்தினார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளே ஒரு உலோகப் பலகை இருந்தது. அதன் முகம் முழுக்கக் கால்வாய்கள் வெட்டியிருந்தன. வளைந்தும் பிரிந்தும் போய், ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளாமல் ஒதுங்கி, எங்கோ ஒரு துளைக்குள் மறைந்தன. அங்கங்கே சுண்டுவிரல் பருமனுக்குச் சின்ன உருளைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருள்வில். ஒரு கம்பியோ மின்சாரமோ அதற்குள் இல்லை.

மெக்கானிக் எண்ணெய்க் குப்பியை எடுத்து ஒரு துளையில் பீச்சினார். எங்கே வருகிறது என்று குனிந்து பார்த்தார். பிறகு அடுத்த துளை. இப்படியே ஒரு காலைப்பொழுது முழுக்க அந்தப் பலகையோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் கண்டுபிடித்ததை நான் அறிவியல் டீச்சர் பாஷையில் எனக்கே சொல்லிக்கொண்டேன். வண்டி வேகம் எடுக்க எடுக்க எண்ணெயின் அழுத்தம் கூடுகிறது. அது உருளையைத் தள்ளுகிறது. எதிர்ப்பக்கம் வில் அதைத் தள்ளவிடாமல் பிடிக்கிறது. மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் வில்லின் கட்சி பலப்படும், சமதரையில் எண்ணெயின் கட்சி. எண்ணெய் ஜெயித்த நொடியில் உருளை நகர்ந்து வேறொரு கால்வாய் திறக்கிறது. அந்த வழியாகப் பாய்ந்த எண்ணெய், வட்டத் தகடுகளை ஒன்றோடொன்று சேர்த்து அழுத்துகிறது. அடுத்த கியர் விழுகிறது.

திரவத்தில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். அந்த அழுத்தம் இத்தனை காலமாக என் வீட்டுக்காரருக்காகக் கிளட்ச் மிதித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோயிலில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடினால், அந்தக் கால்வாய்கள்தான் வந்து நின்றன. சிருஷ்டிப்பு என்று பாதிரி ஐயர் பிரசங்கத்தில் சொல்லும்போதெல்லாம் நான் தலையாட்டினேன். அவர் வானத்தையும் பூமியையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேய்ந்துபோன தகடுகளுக்கு மாற்று புதுப்பேட்டையில் கிடைத்தது. மெக்கானிக் அங்கே பழைய இரும்புக் குவியல்களுக்குள் அலைந்து, நொறுங்கிப்போன ஒரு அமெரிக்கக் காரின் வயிற்றிலிருந்து அதே ஜாதிப் பெட்டியைத் தேடிப்பிடித்தார். எண்ணெயை அடைத்து நிறுத்துகிற வளையங்கள் விறைத்து உடைந்திருந்தன. அவற்றைக் குரோம்பேட்டையில் தோல் வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்து, நல்ல தோலில் வெட்டி எண்ணெயில் ஊறவைத்து வாங்கினோம். எல்லாவற்றையும் துடைத்துப் பளபளவென்று மாட்டி, பெட்டியை ஏற்றி, எண்ணெய் ஊற்றி, என் கணவரை ஏற்றி உட்காரவைத்தார்கள்.

வண்டி நகர்ந்தது. இரண்டாவது கியர் வந்தது. அதற்குமேல் வரவில்லை. இன்ஜின் கத்தக் கத்த, சைக்கிள்கூட எங்களைத் தாண்டிக்கொண்டு போயிற்று.

அவர் இறங்கிக் கட்டைகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நான் கூடவே போனேன். வீட்டில் வந்து உட்கார்ந்ததும், "வித்துடலாம், டீச்சர்" என்றார். சந்தோஷமாக இருந்தால் அவர் என்னை டீச்சர் என்று கிண்டலாகக் கூப்பிடுவார். அன்றைக்கு அதே வார்த்தையில் கிண்டல் இல்லை. ரெண்டு காலோடு இருக்கிறவன் எவனாவது லாரி கியர்பாக்ஸ் போட்டு ஓட்டிக்கொள்ளட்டும் என்றார். மறுநாளிலிருந்து ஷெட் பக்கம் வரமாட்டேன் என்றுவிட்டார். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. காலை எடுத்த அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

மெக்கானிக் மறுபடி பிரித்தார். கால்வாய்ப் பலகையில் ஒரு உருளை தன் இடத்தில் சிக்கி நின்றிருந்தது. அதைத் தட்டி வெளியே எடுத்தபோது, அதன் இடுப்பில் ஏதோ ஒட்டியிருந்தது. நான் நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு நீல நூல். தலைமுடியைவிட மெல்லியது.

எங்கேயிருந்து வந்தது என்று தேடவேண்டியதில்லை. மெக்கானிக்கின் கையிலேயே இருந்தது. எந்த ஷெட்டுக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், வேஸ்ட் என்று ஒரு நூல் உருண்டை இல்லாமல் யாரும் ஸ்பேனரைத் தொடமாட்டார்கள். பனியன் கம்பெனிகளில் கழிந்த பல நிற நூல். கையைத் துடைக்க, எண்ணெயைத் துடைக்க, நெற்றி வேர்வையைத் துடைக்க எல்லாம் அதுதான். லாரிக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. லாரி கியர்பாக்ஸ் அந்த உருண்டையையே விழுங்கி ஏப்பம் விடும். ஆனால் இந்தப் பலகையைப் பயபக்தியோடு எவ்வளவுக்கெவ்வளவு துடைத்தாரோ, அவ்வளவுக்கவ்வளவு நூலை அதற்குள் ஊட்டியிருக்கிறார்.

"ஒரு நூலு இத்தினி பெரிய வண்டிய நிறுத்திக்கீது" என்றார் மெக்கானிக். அவர் குரலில் வருத்தத்தைவிட மரியாதைதான் அதிகம் இருந்தது. கையிலிருந்த வேஸ்ட்டைத் தூர எறிந்தார். ஷெட்டில் இருந்த மற்ற உருண்டைகளையும் பொறுக்கிக்கொண்டுபோய்க் கொளுத்திவிட்டு வந்தார்.

இனி எதில் துடைப்பது? துணி எதுவானாலும் நூல் விடும். துடைக்கவே வேண்டாம் என்று முடிவாயிற்று. எல்லாவற்றையும் பெட்ரோலில் கழுவி, பக்கத்துப் பஞ்சர் கடைக் காற்றை அடித்துக் காயவைத்தார். கழுவியதை எதன்மேல் வைப்பது என்ற கேள்வி வந்தபோது மெக்கானிக் எழுந்து போய் ஒரு கட்டு வாழை இலையோடு வந்தார். தரையில் வரிசையாக விரித்தார். நூலும் கிடையாது, தூசும் ஒட்டாது. ஒரு இலையில் உருளைகள், ஒரு இலையில் வில்கள், தலைவாழை இலையில் கால்வாய்ப் பலகை. ஷெட் பார்ப்பதற்குக் கல்யாணப் பந்தி மாதிரி இருந்தது. யாரும் கிட்டே வந்து தும்மக்கூடாது என்று உத்தரவு. நான் என் சேலைத் தலைப்பை இறுக்கிச் சொருகிக்கொண்டேன்.

இன்னொன்றும் செய்தார். எண்ணெய் கருகியதற்கு நம் ஊர் வெயிலும் மீன் பாரமும்தான் காரணம், அது அமெரிக்கக் குளிரில் பிறந்த எண்ணெய், அதற்கு விசிறிவிட வேண்டும் என்றார். ஒரு நீளச் செப்புக் குழாய் வாங்கி, அதற்குள் மணலைக் கெட்டித்து, மடிந்துவிடாமல் பனங்கட்டையைச் சுற்றி வளைத்தார். ரேடியேட்டருக்கு முன்னால் காற்றுப்படுகிற இடத்தில் அதைக் கட்டினார். எண்ணெய் அந்தக் குழாயில் சுற்றி ஆறிவிட்டுத் திரும்பும். மாட்டுவதற்கு முன்னால் உள்ளே ஒரு மணல்கூட இருக்கக்கூடாது என்று அவர் அலசிய அலசலைப் பார்த்தால், ஒரு நூல் அவரை எவ்வளவு மாற்றிவிட்டது என்று புரியும்.

வண்டி வேலை முடிந்த அன்று நான் வீட்டுக்கு ஓடினேன். அவர் வர மறுத்தார். நானும் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். அதற்குள் விஷயம் தெரிந்து அந்த மூத்த மீன்காரி வாசலுக்கே வந்துவிட்டாள். கூடைகளைக் கைவண்டியில் தள்ளித் தள்ளி அவள் உள்ளங்கை உரிந்திருந்தது.

"இன்னா நைனா, வூட்டுக்குள்ளயே குந்திகினுகீற? எழுந்துரு" என்றாள். அவளிடம் அவரால் மறுக்க முடியவில்லை.

ஷெட்டுக்கு வந்தும் அவர் வண்டியில் ஏறவில்லை. "நீயே முதல்ல ஓட்டிப் பாருப்பா" என்று மெக்கானிக்கிடம் சொன்னார். மறுபடி ஏமாற மனசில்லை அவருக்கு. மெக்கானிக் ஏறினார். நாங்கள் ஓரமாக நின்றோம். வண்டி புறப்பட்டது. கொஞ்சம் வேகம் வந்ததும் மெக்கானிக்கின் இடது கால், எத்தனையோ வருஷப் பழக்கத்தில், இல்லாத கிளட்சைத் தேடி ஓங்கி மிதித்தது. மாட்டியது பிரேக். வண்டி நடு ரோட்டில் கிறீச்சென்று நின்று, மெக்கானிக்கின் நெற்றி கண்ணாடியில் இடித்தது. மறுபடி கிளப்பினார். மறுபடி கால் போயிற்று. மூன்றாம் முறை இடது காலைத் தூக்கி சீட்டின்மேல் மடித்து வைத்துக்கொண்டு ஓட்டிப் பார்த்தார். வேகம் கூடியதும் அது தானாக இறங்கி வந்து மிதித்துவிட்டது.

திரும்பி வந்து இறங்கினார். நெற்றி புடைத்திருந்தது. என் கணவருக்கு நேராக வந்து நின்றார். கால் போனதிலிருந்து, அந்த டாக்டரைத் தவிர, அந்தக் காலைப் பற்றி இவர் முன்னால் யாரும் நேராக வாய் திறந்ததில்லை. நான்கூட.

"வண்டி கரீட்டா கீதுண்ணா" என்றார் மெக்கானிக். "எனக்குத்தான் ஒரு காலு ஜாஸ்தியாக் கீது."

என் கணவர் சிரித்தார். வாய்விட்டு, கட்டைகள் நழுவ, கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் திரும்பிக்கொண்டேன். அழுவதை யாரும் பார்ப்பது எனக்குப் பிடிக்காது.

அவர் ஏறி உட்கார்ந்து கட்டைகளை என்னிடம் நீட்டினார். நான் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். மீன்காரி தொட்டியில் ஏறி நின்றாள். ரோட்டில் வண்டி ஓசையில்லாமல் வேகம் எடுத்தது. முதல் கியர் போய் இரண்டாவது வந்தது. நான் என் காலடியில் இருந்த தகரத்தின்மேல் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தை வைத்துக்கொண்டேன். மூன்றாவது வந்தபோது உள்ளங்காலில் ஒரு சின்ன அசைவு தெரிந்தது. எண்ணெய் ஜெயித்துவிட்டது. பிறகு நான்காவது.

"கதவை ஏன் அப்படி அறைஞ்ச?" என்று என்னை அதட்டினார் அவர்.