என்னைப் பற்றி விசாரித்தவர்கள்

மருதானை ரயில் நிலையத்திலிருந்து சற்றுத் தள்ளி, மோட்டார் உதிரிப்பாகங்கள் விற்கும் கடைக்கு மேல்மாடியில் அந்தக் கல்லூரி இருந்தது. சமுதாயக் கல்லூரி என்று மூன்று மொழியிலும் பலகை போட்டிருந்தார்கள். தாதி உதவியாளர் பயிற்சி, பாதி வகுப்பறையில், பாதி வார்ட்டில் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. நான் உடனே மேலே போகவில்லை. எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் ஒரு பிளேன்டீ வாங்கிக்கொண்டு படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையாகவே படிக்கிறவர்கள் யாராவது அதில் இறங்கி வருகிறார்களா என்று பார்க்க வேண்டியிருந்தது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு பெண் இதே மாதிரி ஒரு மாடியில் நேர்சிங் படிப்பு என்று போய்ச் சேர்ந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது. பலகையைக்கூடக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். அவள் அழுததைப் பார்த்தவள் நான்.

கொஞ்ச நேரத்தில் வெளிர் நீலச் சீருடையில் ஐந்தாறு பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பஸ் ஹோல்ட் வரை நடந்தேன். கடைசியாக நின்ற பிள்ளையிடம், அங்கே என்ன படிப்பிக்கிறார்கள் என்று சிங்களத்தில் கேட்டேன். அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தோளில் கிடந்த பையை முன்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஏன் கேட்கிறீங்க அக்கா?" என்றாள். வெளிநாட்டுக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்சிக்காரி என்று நினைத்திருப்பாள். நான் சேரப் பார்க்கிறேன் என்று சொன்ன பிறகுதான் முகம் இளகியது. வார்ட்டுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள் என்றும், காயம் கட்டுவதை இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது என்றும் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.

எனக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதில் படிக்கப் போனதற்கு வெள்ளவத்தையில் ஒரு மாடி வீடுதான் காரணம். பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியையை நான் அங்கே கவனித்துக்கொண்டிருந்தேன். டீச்சரம்மா என்று கூப்பிடுவேன். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். காலையில் போய்க் குளிக்க வார்த்து, சோறு தீத்தி, பின்னேரம் அவரை ஜன்னல் பக்கம் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, இரவுக்கு நிற்கிற பெண் வந்ததும் வீடு திரும்புவேன். கடைசியாக அவருக்கு மூச்சு இழுத்தபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவளும் நான்தான்.

செத்த வீட்டுக்கு மகள் வந்தார். எல்லாம் முடிந்து நான் விடைபெறப் போனபோது, டீச்சரம்மாவின் கழுத்தில் இருந்த மெல்லிய சங்கிலியைக் காணவில்லை என்றார். ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுக்கிற நேரம் கழற்றினார்கள் என்று சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "குறை நினைக்காதேங்கோ. உங்கட பையை ஒருக்கால் பாக்கலாமோ?" என்றார்.

திறந்து காட்டினேன். குடை, சீப்பு, சாப்பாட்டுப் பெட்டி. அந்தப் பெட்டியின் மூடியையும் அவர் திறந்து பார்த்தார். கழுவித் துடைத்து வைத்திருந்த வெறும் பெட்டி. "சரி" என்று சொல்லி மூடிக் கையில் தந்தார்.

அதற்குப் பிறகு வெள்ளவத்தையில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. அங்கே இப்படியான வேலைக்கு ஆள் எடுப்பது ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டுத்தான். இரண்டு வீடுகளில் வந்து பார்க்கச் சொன்னார்கள். பிறகு ஃபோன் எடுக்கவில்லை. அந்த மகள் ஏதாவது சொல்லியிருப்பாரா, அல்லது அந்த வீடுகளுக்கு வேறு ஆள் கிடைத்துவிட்டதா, எனக்குத் தெரியாது. தெரியாதபடியால் எல்லோருடைய முகத்தையும் உற்றுப் பார்க்கிற பழக்கம் வந்தது. ஒரு சான்றிதழ் இருந்தால் யாருடைய வாயையும் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை என்று நினைத்துத்தான் மருதானைக்குப் போனேன்.

முதல் நேர்முகத்தில் இருந்தவர் கல்லூரியின் பொறுப்பாளர். ஓய்வுபெற்ற தாதி, முஸ்லிம் பெண்மணி. வெள்ளை முந்தானையால் தலையை இறுக்கி மூடியிருந்தார். சிரிக்கவில்லை.

"இந்த வயசுல ஏன் வாறீங்க? சேர்டிபிகேட்ட எடுத்துட்டு டுபாய்க்குப் பறக்கவா?"

"இல்லை மிஸ். எனக்கு இங்க குடும்பம் இருக்கு."

"எல்லாரும் அப்பிடித்தான் செல்றது" என்றார். சொல் என்பது 'செல்' என்றும், இருக்கு என்பது 'ஈக்கு' என்றும்தான் அவர் வாயில் வந்தது. பிறகு, முன்பு வேலை செய்த வீட்டின் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டார். டீச்சரம்மாவின் மகளுடைய இலக்கம்தான் என்னிடம் இருந்தது. கொடுப்பதற்கு வேறு வீடும் இல்லை. கொடுத்துவிட்டு வந்தேன்.

என் கணவர் கிராண்ட்பாஸில் ஆட்டோ ஓட்டுகிறவர். அதுவரை அந்த இடம் கள்ள இடம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், இதைக் கேட்டதும் யோசித்தார். "ஏமாத்துறவன் சல்லிய வாங்கிப்போட்டு உடனே வா எண்டுவான். இவ்வளவு விசாரிக்க மாட்டான். இது உண்மையான இடம் போலத்தான் இருக்கு."

உண்மையான இடம் என்றதும்தான் எனக்குப் பயம் கூடியது. அப்படியானால் மகளிடம் கட்டாயம் விசாரிப்பார்கள்.

மறுகிழமை திரும்பக் கூப்பிட்டார்கள். அறையில் அவர் தனியாக இருந்தார். "இரிங்க" என்று கதிரையைக் காட்டினார்.

"அந்த வீட்டு மகளோட கதச்சன். உம்மாவ நல்லாப் பாத்தீங்கன்னு சென்னாங்க." மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற எதாச்சும் எனக்குச் செல்ல ஈக்கா?"

மகள் சங்கிலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டிருந்தால், நானே வாயைத் திறந்து என் கதையை முடித்துக்கொள்வதாகிவிடும். சொல்லியிருந்தால், நான் பேசாமல் இருப்பது அதைவிட மோசம். அவர் முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சங்கிலி காணாமப் போனது மிஸ். நான் எடுக்கேல்லை. என்ர பையைத் திறந்து காட்டினனான்."

"பொறகு?"

"பிறகு ஒண்டும் தெரியாது."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "அது கெடச்சிட்டே. ஒங்களுக்குச் செல்லல்லயா?"

எனக்கு விளங்கவில்லை. என்னைச் சோதிக்கத்தான் இப்படிச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். "எப்ப கிடைச்சது?" என்று கேட்டேன்.

"அந்தக் கெழமயேன்னு சென்னாங்க. ஆஸ்பத்திரில குடுத்த கவர்ல பல்செட்டோட ஈந்திச்சாம். அவங்க அதத் தொறந்து பாக்காம சூட்கேஸ்ல வெச்சிருக்காங்க."

சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வாரத்திலேயே மகளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் அந்த மாடி வீடு இருக்கும் பக்கம் போகாமல், காலி வீதி என்ற அந்தப் பெருந்தெருவில் மற்றப் பக்கத்தால் நடந்திருக்கிறேன்.

பொறுப்பாளர் தண்ணீர்ப் போத்தலை என் பக்கம் தள்ளினார். நான் எடுக்கவில்லை.

"வார்ட்டுலயும் சாமான் தொலயும். மொதல்ல ஒங்களத்தான் பாப்பாங்க. அப்ப என்ன செய்வீங்க?"

"இனிப் பையைத் திறந்து காட்ட மாட்டன் மிஸ்."

"காட்டணும். ஆனா தனியாக் காட்டக் கூடாது. இன்னொரு ஆளக் கூப்பிட்டு வெச்சுக்கிட்டுத்தான் தொறக்கணும். நோயாளிட நகையக் கழட்டுறதும் அப்பிடித்தான். அது இங்க மொத மாசத்துல படிச்சுத் தாறது" என்றார். பிறகு, "படிக்க வாறீங்களா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

இடம் கிடைத்திருக்கிறது என்று ஃபோனில் செய்தி வந்தது. என் கணவர் அதை நம்பாமல், வேறு யாரோ போல அந்த இலக்கத்துக்கு எடுத்து, வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று விசாரித்தார். "இப்பிடி எடுத்து விசாரிக்கிற ரெண்டாவது புருசன் நீங்க. மனுசிட பேரச் செல்லுங்க" என்று பொறுப்பாளர் கேட்டதும் வைத்துவிட்டார்.

அதே வாரம் டீச்சரம்மாவின் மகளிடமிருந்து குரல்செய்தியும் வந்தது. தான் செய்தது பிழைதான், சங்கிலி கிடைத்ததைச் சொல்ல வெட்கமாக இருந்தது, மன்னிக்க வேண்டும் என்றார். கடைசியில், வெள்ளவத்தையில் இருக்கும் தன் மாமிக்கு ஆள் தேவைப்படுகிறது, வர இயலுமா என்றும் கேட்டிருந்தார். மன்னிப்புக் கேட்டதே அதற்காகத்தானோ என்று நினைத்தேன். இன்றைக்கும் அதை முழுதாக ஒதுக்க முடியவில்லை. சில நாள் விட்டு, "சங்கிலி கிடைச்சது நல்லது. நான் இப்ப படிக்கிறன்" என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

முதல் செயல்முறை வகுப்பில் எங்களையே நோயாளியாகப் படுக்க வைத்தார்கள். என்னைத் திருப்ப வந்தது, அன்றைக்கு பஸ் ஹோல்ட்டில் பார்த்த பிள்ளையைவிட இளமையான, வத்தளையிலிருந்து வருகிற ஒரு பிள்ளை. அவள் என் தோளுக்குக் கீழ் கையைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. நான் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உடம்ப விடுங்க. விழுத்த மாட்டன்."

எத்தனையோ தரம் நான் டீச்சரம்மாவுக்குச் சொன்ன சொல். ஆனாலும் பிடியை விட எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவள் பொறுத்து நின்றாள். விட்டதும், என்னை மெதுவாகச் சுவர்ப்பக்கம் திருப்பி, முதுகுக்கு ஒரு தலையணை வைத்தாள்.