யோனத்தான் அவிழ்த்த தலைப்பாகை

ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீருக்கு ஒரு வாசம் உண்டு... ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் சவுல் ராஜா, தாவீது, பெலிஸ்தியர் எல்லார் மேலும் அந்த வாசம்தான் அடித்தது.

அப்போது என் நைனா அந்த ஷாப்பில் மேஸ்திரி. யாரை வேலைக்கு எடுப்பது, யார் சுண்ணாம்புக் குழிக்கு, யார் பட்டை இடிக்க... எல்லாம் அவர் வாய்ச்சொல்தான். அவருக்கு ஒரு சிவப்புத் தலைப்பாகை, ஓரத்தில் ஜரிகை. என் தாத்தா மேஸ்திரியாக இருந்து ஓய்ந்தபோது, ஆட்களைக் கூட்டி, எல்லார் முன்னாலும் நைனாவின் தலையில் கட்டியது. சபை முன்னால் அது யார் தலையில் ஏறுகிறதோ அவன் மேஸ்திரி. எங்கள் தெருவில் அவ்வளவுதான் சட்டம்.

அடுத்தது என் தலை.

எனக்கோ சுண்ணாம்பு ஆகாது. குழியில் இறங்கினால் கை வெடித்து ரத்தம் கசியும். ஜோலார்பேட்டைக்குப் போய் ரயில்வேயில் சேர ஆசை. நைனாவிடம் சொல்லத்தான் தைரியம் இல்லை.

என் தோஸ்த் ஆசீர்வாதம் ஒடுகத்தூர்க்காரன். தாய் தகப்பன் இல்லாமல் எங்கள் ஷாப்புக்குப் பிழைக்க வந்தவன். நைனா கத்தினால் ஆட்கள் வருவார்கள். இவன் கூப்பிட்டாலே வருவார்கள்.

அந்த வருஷம் எங்கள் சபை உபதேசியார் நைனாவுக்குச் சவுல் வேஷம் கொடுத்தார். ராஜா என்றதும் நைனா சரி என்றுவிட்டார். அந்த ராஜாவைக் கர்த்தர் தள்ளிவிட்டுத் தாவீதை ராஜாவாக்குவார் என்பது ஒத்திகையில்தான் உறைத்தது... அதற்குள் ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. ஆசீர்வாதம் தாவீது. நான் சவுலின் மகன் யோனத்தான், தாவீதின் உயிர்த்தோழன்.

ஒத்திகையில் உபதேசியார் உடன்படிக்கையைப் பற்றி விளக்கினார். தாவீதின் வம்சத்துக்கு ராஜ்யத்தைக் கொடுத்தது உப்பு உடன்படிக்கையாம்.

"உப்பு எதுக்குங்க ஐயா?" என்று பெரியவர் சின்னப்பன் கேட்டார்.

"பச்சைத் தோலுக்கு நீ எதுக்குய்யா உப்பு போடுற?"

"கெட்டுப்போவாம இருக்க."

"அதுக்குத்தான்."

நாடகத்தன்று தூறல். எனக்குச் செய்த அட்டைக் கிரீடம் ஊறி, கஞ்சியாகிவிட்டது. "ராஜா பையன் வெறுந்தலையோட நிப்பானா?" என்று நைனாவே படுதாவுக்குப் பின்னால் தன் தலைப்பாகையை என் தலையில் கட்டினார். கட்டிவிட்டு ஒரு தரம் தள்ளி நின்று பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

யோனத்தான் தாவீதோடு உடன்படிக்கை பண்ணும் கட்டம். ஷாப் முதலாளி சாயபு இரவல் கொடுத்த ஷெர்வானியைக் கழற்றி ஆசீர்வாதத்துக்குப் போட்டேன். பட்டயம், வில், கச்சை எல்லாம் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்... வேஷத்தின் வேகத்தில் தலைப்பாகையையும் அவிழ்த்து அவன் தலையில் கட்டிவிட்டேன். ஒத்திகையில் அது கிடையாது.

"உன் வீட்டுக்கு என்றைக்கும் தயவு செய்வேன்" என்று ஆசீர்வாதம் தன் வசனத்தைச் சொன்னான். உபதேசியாருக்கு உடன்படிக்கை என்றால் ஜெபம் வேண்டும். மேடையேறி உருக்கமாக ஜெபித்தார். மொத்த ஜனமும் ஆமென் சொன்னது. முன்வரிசையில் சாயபுகூட ஆமீன் என்றார்.

அடுத்த கட்டத்தில் சவுல் தாவீதின் மேல் ஈட்டி எறிய வேண்டும். நைனா எறிந்த ஈட்டி ஆசீர்வாதத்தின் காதோரம் போய்ப் படுதாவைக் கிழித்தது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை ஷாப் வாசலில் ஆட்கள் ஆசீர்வாதத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னா மேஸ்திரி, யார் எந்தக் குழிக்கு?" அவன் வெலவெலத்துப்போய்த் தலைப்பாகையோடு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தான். பின்னாலேயே பாதி ஷாப்பும் உபதேசியாரும்.

"மேஸ்திரி, இது உங்களுது. அது நாடகம் மேஸ்திரி..."

நைனா கை நீட்டினார். சின்னப்பன் குறுக்கே வந்தார்.

"நாடகமாவே இருக்கட்டும். ஜெபம் பண்ணாங்க, நாங்க ஆமென் சொல்ட்டோம். அதுவும் நாடகமா?"

உபதேசியார் தொண்டையைச் செருமினார். ஜெபத்தை நாடகம் என்று அவர் வாயால் எப்படிச் சொல்வார்?

நைனா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்றா. உனக்கு வேணுமா வேணாமா?"

வெடித்த கைகள் இரண்டையும் அவர் முன்னால் விரித்தேன். "நானும் ஆமென் சொன்னேன் நைனா" என்றேன்.

என் கைகளையே பார்த்தார். நீட்டிய கையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் ஜோலார்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஷாப்பில் ஆசீர்வாதம் மேஸ்திரி. நைனா மட்டும் அவனை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "அந்த ஒடுகத்தூரான்" என்பார்... அதுவும் கோபம் கம்மியாக இருக்கிற நாளில்.

இப்போது நாடகத்துக்கு வேலூரிலிருந்து சீன் படுதா வாடகைக்கு வருகிறது. கிரீடம்கூடத் தகரத்தில் செய்கிறார்கள். உபதேசியாரும் உஷார், ஜெபத்தைத் திரை தூக்குவதற்கு முன்பே முடித்துவிடுகிறார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது, ஆனால் அந்தப் பழைய குளறுபடி இல்லாமல் எனக்குச் சப்பென்றிருக்கிறது.

நைனாவுக்குக் கண் மங்கிவிட்டது. அம்மாவும் போய்விட்டாள். என்னோடு வரச் சொன்னால் ஆம்பூரை விட்டு அசைய மாட்டேன் என்கிறார். தினமும் மதியம் ஆசீர்வாதம் வந்து கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகிறான். தன் பிள்ளைகளுக்குப் போடும் முன்பே அவருக்கு இலை போடுகிறான். நைனாவும் முறைத்துக்கொண்டே போய்ச் சாப்பிடுகிறார்.

போன மாதம் நானும் அந்தப் பந்தியில் உட்கார்ந்தேன். நைனா ஒரு வாய் சாப்பிட்டார், முகத்தைச் சுளித்தார்.

"மேஸ்திரி... உப்பு கம்மி. கொஞ்சம் போடு."

குழம்புக் கரண்டியோடு ஆசீர்வாதம் அப்படியே நின்றுவிட்டான். நைனா பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

அவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உப்பை எடுத்து அவர் இலையின் ஓரத்தில் வைத்தான்.